ரோமில் மூன்று நாள், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா

கேள்வி: நான் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். தூத்துக்குடியிலிருந்து அம்மா (வயது 68) வந்து இரண்டு மாதம் என்னோடு தங்கப் போகிறார். ஆகஸ்ட் 3 மதியத்திலிருந்து 6 மாலை வரை ரோமுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கொலோசியம், வாட்டிகன் மியூசியம், ட்ரெவி நீரூற்று என்று 22 இடங்கள் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு வேளையாவது சோறு வேண்டும். "போப்பாண்டவர் கோவிலைப் பார்த்தால் போதும்மா" என்கிறார். எதை விடுவது, எப்படித் திட்டமிடுவது?

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். 22 இடங்கள் இருந்தும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அதுதான் முதலிடம். சாந்தா மரியா மஜ்ஜோரே என்னும் தூய மரியா பேராலயம். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே பத்து நிமிடத்தில் போய்விடலாம்.

4ஆம் நூற்றாண்டில், கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில், எஸ்குலின் குன்றின்மேல் பனி பெய்தது. தனக்குக் கோவில் கட்ட மாதா அப்படி இடம் காட்டினாள் என்பது மரபுக்கதை. பனிமய மாதா என்ற பெயர் வந்தது அங்கிருந்துதான். இப்போது நிற்கும் ஆலயம் 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தில் எழுந்தது. ஒவ்வொரு ஆகஸ்ட் 5 அன்றும், அந்தப் பனியின் நினைவாக, காலைத் திருப்பலியிலும் மாலை வழிபாட்டிலும் கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 5! தூத்துக்குடியில் ஜூலை 26 கொடியேறி, பனிமய மாதா திருவிழா நிறைவடையும் அதே நாள். இந்த வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு இருக்க முடியாதே என்று உங்கள் அம்மா மனதுக்குள் வருந்தியிருப்பார். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் தெரியாமல் போட்ட டிக்கெட் அவரை அதே நாளில் அந்த மாதாவின் மூலக்கோவிலுக்கே கொண்டு போகிறது. எனக்கே இதை எழுதும்போது சிலிர்க்கிறது.

அதனால் 5ஆம் தேதி காலையை அப்படியே அந்தக் கோவிலுக்கு ஒதுக்கிவிடுங்கள். திருப்பலி நேரத்தை முந்தின நாளே கோவிலில் கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார இடம் பிடியுங்கள். கூட்டம் இருக்கும், வாசலில் பை சோதனையும் இருக்கும். 2025 ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸை அடக்கம் செய்திருப்பதும் இங்கேதான். பக்கவாட்டில் ஓர் எளிய கல்லறை, மேலே அவருடைய பெயர் மட்டும் லத்தீனில். ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னும் பின்னும் வந்து அவர் ஜெபித்த மாதா படம் பக்கத்துச் சிற்றாலயத்தில் இருக்கிறது.

தங்குவதற்கும் இந்தப் பகுதியையே பாருங்கள். சமையலறை உள்ள அறையாக எடுங்கள். கொஞ்ச தூரத்தில் பியாத்ஸா விட்டோரியோ சதுக்கம், அதை ஒட்டி எஸ்குலினோ சந்தை. வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி, மீன் எல்லாம் கிடைக்கும். சுற்றிலும் வங்கதேசக்காரர்களின் மளிகைக் கடைகள், அரிசிக்குக் கவலையே இல்லை. ஞாயிறு மட்டும் சந்தை விடுமுறை. அறை எடுக்கும்போது "லிஃப்ட் உண்டா, அது தரைத்தளத்திலிருந்தே தொடங்குகிறதா" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்டுக்கே ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கும்.

விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் போங்கள். ஃபியூமிச்சீனோவிலிருந்து பழைய மதிலுக்கு உட்பட்ட நகரத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரே கட்டணம்தான். அது காருக்கு, ஆளுக்கு அல்ல. பெட்டிக்குத் தனிக் காசும் கிடையாது. நகராட்சி அனுமதி பெற்ற வெள்ளை டாக்ஸிகள் நிற்கும் இடத்துக்கே போங்கள். உள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுகிறவர்களோடு போக வேண்டாம்.

4ஆம் தேதி அம்மா கேட்ட போப்பாண்டவர் கோவில். புனித பேதுரு பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கிறது. அப்போதே போய்விட்டால் வரிசை சின்னது, வெயிலும் இல்லை. நுழைவு இலவசம். அம்மா சேலை கட்டினால் சிக்கல் இல்லை. நீங்கள் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள், இல்லையென்றால் உள்ளே விட மாட்டார்கள். நுழைந்ததும் வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில், கண்ணாடிக்குப் பின்னால், மைக்கேலாஞ்சலோ செதுக்கிய வியாகுல மாதா சிலை. இறந்த மகனை மடியில் தாங்கியபடி, அழாத முகம். அம்மாவை அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

குவிமாடத்துக்கு ஏறுவதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மொத்தம் 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி பாக்கி இருக்கும். வாட்டிகன் மியூசியத்தையும் அடிக்கச் சொல்வேன். மைக்கேலாஞ்சலோ கூரையில் ஓவியம் தீட்டிய சிஸ்டைன் ஆலயம் அதற்குள்தான் இருக்கிறது, தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேர நெரிசலான நீண்ட கூடங்களை எல்லாம் தாண்ட வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், இன்னொரு வார இறுதியில் தனியாக வந்து நிதானமாகப் பார்க்கலாம். அம்மாவுக்கு அந்த நேரம் வேறு இடத்தில் பயன்படும்.

நான் என் மாமியாரை அழைத்துப் போனபோது இப்படி இடங்களைக் குறைக்கத் தவறினேன். இரண்டாம் நாள் ஒரே காலையில் கொலோசியம், அதை ஒட்டிய ஃபோரம் என்னும் பழைய ரோமானியச் சதுக்கத்தின் இடிபாடுகள் இரண்டையும் முடித்துவிட வேண்டும் என்று அவரை நடக்க வைத்தேன். மூன்றாம் நாள் முழுக்க அவர் தைலம் தேய்த்துக்கொண்டு அறையில் படுத்திருந்தார். "நீ போய்ப் பார்த்துட்டு வா" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

கொலோசியத்தை வெளியிலிருந்தே பாருங்கள். மெட்ரோ நிலையத்துக்கு மேலே உள்ள மேட்டில் நின்றால், கிபி 80இல் திறந்த அந்த அரங்கம் முழுதாக, எதிரிலேயே தெரியும். மாலை 7 மணிக்கு மேல் கல் பொன்னிறமாகும்.

ஒரு மாலையைப் பாந்தியோன் என்னும் பழைய ரோமானியக் கோவில் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,900 வருடமாக நிற்கும் காங்கிரீட் குவிமாடம், உச்சியில் ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். தரையில் நீர் வடிய துளைகள் உண்டு. இதற்கு டிக்கெட் வேண்டும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் சாந்த் அகோஸ்தீனோ என்ற ஆலயம். நுழைந்து இடப்பக்கம் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஓவியம் ஒன்று. இருட்டாக இருந்தால் பெட்டியில் ஒரு நாணயம் போடுங்கள், விளக்கு எரியும். வாசல்படியில் குழந்தையோடு மாதா நிற்கிறாள். எதிரே முழந்தாளிட்டு இரண்டு ஏழை யாத்ரீகர்கள். கிழவரின் வெறுங்கால் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. நடந்து நடந்து புழுதி அப்பிய உள்ளங்கால், நம் கண் மட்டத்தில். பக்கத்தில் கிழவியின் துணித்தொப்பி நைந்து கிடக்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்திருக்கும் உங்கள் அம்மாவுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லாத்தரன் என்னும் பகுதிக்குப் போனால் 'புனிதப் படிகள்' என்று 28 பளிங்குப் படிகள் இருக்கின்றன. முழங்காலால்தான் ஏற வேண்டும். அம்மா கேள்விப்பட்டால் ஏறியே தீருவேன் என்பார். பக்கத்தில் நடந்து ஏறும் படிகள் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வெயில். பகல் 12 முதல் 5 வரை அறையில் தூக்கம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தெருவெங்கும் 'நசோனே' என்னும் இரும்புக் குழாய்த் தூண்களில் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா குனிய வேண்டாம்: குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் வளைந்து எழும்பும். தெருவில் பதித்திருப்பது இடைவெளி விட்ட கருங்கல், செருப்பு ஆகாது. அடிப்பாகம் தடித்த ஷூ வாங்கிக் கொடுங்கள். தாலிச்சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மெட்ரோவிலும் டெர்மினியிலும் கைவரிசை காட்டுகிறவர்கள் அதிகம்.

ட்ரெவி நீரூற்றுக்கு 6ஆம் தேதி விடியற்காலை போங்கள், கூட்டமில்லாமல் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அதோடு சரி. மற்ற இடங்கள் வழியில் வந்தால் பார்க்கலாம்.

5ஆம் தேதி காலை கைப்பையில் ஒரு சின்ன உறை வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழும் இதழில் ஒன்றிரண்டு கைக்கு எட்டினால், அம்மா ஊருக்குக் கொண்டு போக விரும்புவார்.