சோ ஷுவான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 'இன் த மூட் ஃபார் லவ்' என்ற ஹாங்காங் படத்தில் வானொலிப் பெட்டியிலிருந்து பழங்காலப் பெண்குரல் ஒன்று கேட்கிறது. பாடியவர் யார்?

பதில்: சோ ஷுவான். 1930களிலும் 1940களிலும் சீனத் திரையுலகில் நடிகையாகவும் பாடகியாகவும் முதல் வரிசையில் இருந்தவர். வோங் கர்வாய் இயக்கி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படத்தின் சீனப் பெயரே இந்தப் பாடலிலிருந்து எடுக்கப்பட்டதுதான். வெளிநாட்டில் இருக்கும் கணவன் தன் மனைவியின் பிறந்தநாளுக்காக நேயர் விருப்பத்தில் கேட்ட பாடலாக அது அங்கே ஒலிக்கிறது.

அதைக் காதல் பாட்டாக மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாகும். ஃபான் யான்சியாவ் எழுதி சென் கெசின் இசையமைத்த அப்பாடல், போர் முடிந்தபின் எடுக்கப்பட்டு 1947-இல் வெளியான ஒரு படத்தில் இடம்பெற்றது. இளமையையும் நிறைவான இல்லத்தையும் போற்றித் தொடங்கும் பாட்டு, சட்டென்று துயரம் சூழ்ந்த ஒரு தனித்தீவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. 1937 நவம்பரில் ஜப்பானியப் படை ஷாங்காயின் சீனப் பகுதிகளைக் கைப்பற்றிய பிறகு, 1941 டிசம்பர் வரை மேலைநாட்டவர் ஆட்சியின்கீழ், ஜப்பானியரிடம் பிடிபடாமல் எஞ்சிய குடியிருப்புகளையே மக்கள் தனித்தீவு என்று அழைத்தார்கள். ஆகவே அன்றைய ஷாங்காய்வாசிகளுக்கு அது காதலியை நினைத்து உருகும் பாட்டு அன்று. இழந்த ஊரை எண்ணி ஏங்கும் பாட்டு.

கேள்வி: அவருடைய இளமைப் பருவத்தைப் பற்றிச் சொல்ல முடியுமா? அவர் ஓர் அநாதை என்று படித்தேன்.

பதில்: அநாதை என்பதைவிடப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தை என்பதே சரி. ஜியாங்சு மாகாணத்தின் சாங்சோ நகரில் பிறந்தவர். பிறந்த ஆண்டு பொதுவாக 1920 என்றும், சில நூல்களில் 1918 என்றும் குறிக்கப்படுகிறது. மிகச் சிறு வயதிலேயே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, முதலில் ஒரு குடும்பத்துக்கும் பிறகு சோ என்ற குடும்பப் பெயர் கொண்ட இன்னொரு குடும்பத்துக்கும் வளர்ப்பு மகளாகக் கைமாறினார். தம்மைப் பெற்றவர்கள் யார் என்பதை வாழ்நாள் முழுவதும் தேடியும், அறியாமலேயே மறைந்தார்.

பதின்வயதின் தொடக்கத்தில் லி சின்ஹுய் நடத்திவந்த பிரகாச நிலவு ஆடல்பாடல் குழுவில் சேர்ந்தது அவருக்கு வாழ்வளித்தது. 'ஷுவான்' என்ற பெயரைச் சூட்டியவரும் லிதான். சீன மெல்லிசையின் தந்தை என்று இன்று போற்றப்படும் இந்த மனிதர், தம் காலத்தில் மக்களின் ரசனையைக் கெடுக்கிறவர் என்று வசைபாடப்பட்டார். வசைபாடியவர்களில் ஒருவர் அதே குழுவில் இசைக்கலைஞராக இருந்த நியே அர்; பிற்காலத்தில் சீனாவின் நாட்டுப்பண்ணாக ஆன பாடலுக்கு இசையமைத்தவர் அவர்தான். 1934-இல் ஷாங்காய்ப் பத்திரிகை ஒன்று நடத்திய பாடகியர் தேர்வில் பை ஹோங் முதலிடமும் சோ ஷுவான் இரண்டாமிடமும் பெற்றார்கள். 'தங்கக் குரல்' என்ற பட்டம் அந்தக் காலத்திலேயே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

கேள்வி: அவருடைய குரல் மெலிதாக, ஏறக்குறைய குழந்தைக் குரலாகவே இருக்கிறது. அதைத் தங்கக் குரல் என்று கொண்டாடியது ஏன்?

பதில்: நல்ல கேள்வி, சோ ஷுவானின் வாழ்க்கைச் சோகத்தை மட்டும் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி இது. அரங்கின் கடைசி வரிசைவரை எட்டும் கணீர்க் குரலே சிறந்த குரல் என்பது மேடைக்காலத்தின் அளவுகோல். அந்த அளவுகோலால் அளந்தால் சோ ஷுவான் தேறியிருக்க மாட்டார். ஆனால் அவர் பாட வந்தபோது ஒலிவாங்கியும் வானொலியும் இசைத்தட்டும் ஷாங்காயில் வேரூன்றிவிட்டன. ஒலிவாங்கிக்கு அருகில் நின்று தாழ்ந்த ஒலியில் அவர் பாடியதால், இசைத்தட்டில் கேட்பவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ஒருவர் தனக்காக மட்டும் பாடுவதுபோல் இருந்தது. பெரிய குரல்கள் அந்தக் கருவியின் முன் கரகரத்தபோது, சிறிய குரல் அதன் நுணுக்கங்களோடு பதிவாகியது.

இரண்டாவது காரணம் உச்சரிப்பு. அவர் வளர்ந்த பகுதியின் பேச்சு வேறு, பாடல்களுக்குரிய பொதுச்சீனம் வேறு. பெய்ஜிங்கில் வளர்ந்த யான் ஹுவா என்ற சக பாடகர் குழுவில் அவருக்குப் பொதுமொழியைக் கற்றுக்கொடுத்தார். இருவரும் இணைந்து பாடிப் புகழ்பெற்று, 1938-இல் மணமும் செய்துகொண்டார்கள். ஒவ்வொரு அசையும் தனித்தனியே தெளிவாக விழும் அவருடைய பாங்கு அந்தப் பயிற்சியின் விளைவு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவே ஓடிய அன்றைய இசைத்தட்டில் சொல்லின் தெளிவுக்கு மதிப்பு அதிகம். ஷாங்காயின் பாதே நிறுவன ஒலிப்பதிவுக் கூடத்தில் ரஷ்ய அகதிக் கலைஞர்களும் சேர்ந்து வாசித்த மேலைநாட்டு நடன இசைக்குழுவின் மேல், ஜியாங்சு நாட்டுப்புறச் சாயல் கொண்ட அந்தக் குரல் மிதந்துவந்த கலவைதான் 'ஷிதாய்சூ' என்ற மெல்லிசை வகையின் அடையாளமாக ஆயிற்று. அந்நிறுவனத்தின் செங்கல் மாளிகை சூசியாஹுய் பகுதியில் இன்றும் நிற்கிறது.

கேள்வி: 'வீதி தேவதை' படத்தை ஏன் இவ்வளவு உயர்வாகச் சொல்கிறார்கள்?

பதில்: யுவான் மூச்சி இயக்கிய அந்தப் படம் 1937-இல் வந்தது. ஜப்பான் ஆக்கிரமித்த வடகிழக்கிலிருந்து ஓடிவந்து, ஷாங்காயின் தேநீர்க் கடையில் பாடிப் பிழைக்கும் சியாவ் ஹோங் என்ற சிறுமியாகச் சோ ஷுவான் நடித்தார். உடன்பிறந்தவள்போல் இருப்பவள் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டிருக்கிறாள். எதிர்வீட்டில் சாவ் டான் நடித்த எக்காள இசைஞன் இருக்கிறான். எதிரெதிர்ச் சன்னல்களில் நின்று இருவரும் பேசிப் பாடும் காட்சிகளில் வறுமையும் குறும்பும் ஒன்றாகவே இருக்கின்றன. வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தவரை இந்தப் படத்துக்காக இரவல் வாங்கினார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அவரில்லாத இந்தப் படத்தை எண்ணிப்பார்க்கவே முடியவில்லை.

படத்தின் இரண்டு பாடல்களுக்கும் ஹே லூடிங் சூசோ வட்டார நாட்டுப்புற மெட்டுகளை அடிப்படையாகக் கொண்டு இசையமைத்தார். வரிகள் தியான் ஹான் எழுதியவை. நாட்டுப்பண்ணின் வரிகளும் அவருடையவைதான். நான்கு பருவங்களையும் வரிசையாகச் சொல்லும் பாட்டு பழைய காதல் மெட்டாகத் தொடங்கினாலும், திரையில் போரும் அகதிகளும் குறுக்கே வருகிறார்கள். பாட்டின் வரிகள் திரையின் அடியில் காட்டப்படுவதால் அரங்கில் இருப்பவர்களும் சேர்ந்து பாடலாம். இடதுசாரித் திரைக்கலைஞர்கள் சொல்ல விரும்பியதை முழக்கமாக இல்லாமல் ஒரு சிறுமியின் பாட்டாகச் சொல்ல வைத்ததில்தான் இப்படத்தின் வெற்றி இருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் முழுப்போர் மூண்டது. ஆகஸ்டில் ஷாங்காய் போர்க்களமாயிற்று.

கேள்வி: தைவான் பாடகி டெரசா டெங் பாடிய 'எப்போது நீ திரும்பி வருவாய்' என்ற பாடல் முதலில் இவர் பாடியதா? அது தடைசெய்யப்பட்டது உண்மையா?

பதில்: இரண்டும் உண்மை. 1937-இல் வந்த ஒரு படத்துக்காக லியூ சுயேன் இசையமைத்த மெட்டை முதலில் பாடியவர் சோ ஷுவான். விருந்தில் மது ஊற்றி விடைகொடுக்கும் அந்தப் பாட்டில் யாரைத் 'திரும்பி வா' என்று அழைக்கிறார்கள் என்ற கேள்வி ஒவ்வோர் அதிகாரத்தையும் உறுத்தியது. தேசியவாத அரசு ஒரு பக்கம், ஆக்கிரமித்த ஜப்பானியர் மறுபக்கம் என எல்லோருக்கும் அதில் ஏதோ மறைபொருள் தெரிந்தது. பிற்காலத்தில் மக்கள் சீனத்தில் அது சீரழிந்த பாட்டு என்று பழிக்கப்பட்டது. ஒரு மெல்லிய பாட்டுக்கு இவ்வளவு அஞ்சியவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அதன் இசையமைப்பாளர் 1957-இல் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு நெடுங்காலம் துன்புற்றார் என்பதால் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

கேள்வி: அவர் மனநோயால் இறந்தார் என்பது சரியா?

பதில்: சரியன்று. யான் ஹுவாவுடனான மணவாழ்வு 1941-இல் முறிந்தது. அதை அன்றைய சில்லறைப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் மென்று தின்றன. போருக்குப் பின் ஹாங்காங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே அலைந்து நடித்தார்; ஷாங்காயின் சின்னமாகவே ஆகிவிட்ட 'இரவு ஷாங்காய்' பாடல்கூட ஹாங்காங்கில் எடுத்த படத்துக்காகப் பாடியதுதான். 1950-இல் ஷாங்காய் திரும்பினார். 1951-இல் 'அமைதிப் புறா' படப்பிடிப்பின்போது மனநலம் குலைந்து, அந்தப் படத்தை முடிக்க இயலாமல் போய், ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தார். ஆனால் 1957-இல் உடல்நிலை நன்கு தேறிவந்த நிலையில் மூளையழற்சி நோய் தாக்கி, அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று இறந்தார். தேறிவந்தவர் ஒரு தொற்றுநோயால் மாண்டார் என்பதைவிட, பைத்தியமாகி மாண்டார் என்பது விற்கும் கதை. ஆகவே அதுவே நிலைத்துவிட்டது.

கேள்வி: அவர் நடித்த படங்களில் முதலில் எதைப் பார்க்கலாம்?

பதில்: ஐயமின்றி 'வீதி தேவதை'. அடுத்து, சூ ஷிலின் 1948-இல் ஹாங்காங்கில் இயக்கிய, சிங் அரச மரபின் அரண்மனையைப் பற்றிய வரலாற்றுப் படத்தைப் பாருங்கள். பேரரசர் குவாங்சூவின் துணைவியாக, பேரரசித் தாய் சிசியின் சினத்துக்கு ஆளாகும் ஜென் என்ற பாத்திரத்தில் அவர் நடித்தார். பாட்டுக்காக மட்டும் நினைவுகூரப்படும் இவர் கண்ணாலேயே எவ்வளவு நடிக்க முடிந்தவர் என்பது அங்கே தெரியும். 1967-இல் பண்பாட்டுப் புரட்சியின்போது நாட்டுத்துரோகப் படம் என்று கடுமையாகத் தாக்கப்பட்டதும் இதுவேதான். இவ்விரண்டுக்கும் பிறகு நேரமிருந்தால், அதே பெயர் கொண்ட பழஞ்சீன நாவலின் நாயகி லின் டையூவாக அவர் நடித்த 1944-ஆம் ஆண்டின் 'செம்மாடக் கனவு' படத்தைத் தேடலாம். அதைத் தவறவிட்டாலும் பெரிய இழப்பில்லை.