கறுப்புப் பின்னணியில் பளிச், வெள்ளைப் பக்கத்தில் மங்கல்: குறை மானிட்டரிலா?

கேள்வி: இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படங்களை எடிட் செய்கிறேன். மென்பொருளின் பின்னணியும் கறுப்புதான். அங்கே அருமையாக இருக்கும் படம், வெள்ளைப் பக்கத்தில் ஏற்றினாலோ பிரிண்ட் போட்டாலோ இருண்டுபோய், நிழல் பகுதிகள் அப்பிக்கொண்டு தெரிகிறது. மானிட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். முதலில் அறை விளக்கைப் போடுங்கள்.

ஓர் இடத்திலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்பதை மட்டும் வைத்து நம் பார்வை வெளிச்சத்தை முடிவு செய்வதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறது. ஒரே சாம்பல் சதுரத்தைக் கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் வைத்துப் பாருங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளிறித் தெரியும். அட்டையில் இரண்டு துளையிட்டுச் சதுரங்களை மட்டும் பார்த்தால் வேறுபாடு காணாமல் போகும். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தபோது, வேதியியலாளர் செவ்ரோல் ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். உங்கள் மானிட்டரின் மீதான புகாரும் ஏறக்குறைய அதேதான்.

உங்கள் சிக்கலில் இரண்டு விளைவுகள் சேர்ந்திருக்கின்றன. சுற்றிலும் இருட்டு என்பதால் படம் பிரகாசமாகத் தெரிகிறது; நீங்கள் அதைக் குறைத்துவிடுகிறீர்கள். இரண்டாவது விளைவைப் பலர் கவனிப்பதில்லை. இருட்டுச் சூழலில் படத்தின் கரும்பகுதிகள்தான் அதிகமாக வெளிறித் தோன்றும். அதனால் காண்ட்ராஸ்ட் (வெளிச்சப் பகுதிக்கும் கரும்பகுதிக்கும் உள்ள வேறுபாடு) குறைந்ததுபோல் இருக்கும், நீங்கள் கூட்டுகிறீர்கள். பார்ட்டில்சன், பிரென்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967இல் இதை அளந்து காட்டினார்கள். இருட்டரங்கில் காட்டுவதற்கான திரைப்படப் பிரதிகளை வேண்டுமென்றே கூடுதல் காண்ட்ராஸ்ட்டில் தயாரித்ததற்கும் காரணம் இதுவே. வெள்ளைப் பக்கத்துக்கு வந்ததும் இரண்டும் சேர்ந்து படத்தைக் கவிழ்த்துவிடுகின்றன.

இது தெரிந்துவிட்டதால் கண் திருந்திவிடாது. 1995இல் பார்வை ஆய்வாளர் எட்வர்ட் அடெல்சன் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தில், நிழலுக்குள் வெளிறித் தெரியும் கட்டமும் வெளியே கறுத்துத் தெரியும் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல். நானும் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்றும் வேறாகத்தான் தெரிகின்றன. ஆகவே சூழலைத்தான் மாற்ற வேண்டும்.

மென்பொருளின் பின்னணியை நடுச்சாம்பலாக்குங்கள். 0 முதல் 255 வரையிலான அளவில் 119 அருகே இருந்தால் போதும். மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படும்படி மெல்லிய வெள்ளை விளக்கு வையுங்கள். திரைமேல் ஒளி விழக்கூடாது. பிரிண்டுக்கான வேலை என்றால் திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இருக்கட்டும். புது மானிட்டர்கள் பெரும்பாலும் இதைவிட மிக அதிகமாகத்தான் வரும். நிழல் பகுதிகளில் சந்தேகம் வந்தால் கண்ணை விட்டுவிட்டு ஹிஸ்டோகிராமைப் (படத்தில் கறுப்பு முதல் வெள்ளை வரை எது எவ்வளவு இருக்கிறது என்று மென்பொருள் காட்டும் வரைபடம்) பாருங்கள். முடிக்குமுன் படத்தைச் சுற்றி அகலமான வெள்ளை விளிம்பு போட்டு ஒருமுறை பார்ப்பது அவசியம்.

திரையின் நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து சரிசெய்ய உதவும் கேலிப்ரேஷன் கருவி நல்லதுதான், ஆனால் அது திரையை மட்டுமே அளக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இருட்டைத் திருத்தித் தராது. விளக்கும் பின்னணியும் மாறிய பிறகும் பிரிண்ட் இருட்டாகவே வந்தால், அப்போது அந்தக் கருவியை வாங்குங்கள்.