ரங்கூன் மல்லியா, பூண்டுக்கொடியா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொடிகளைப் பற்றியவை. மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் நர்சரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் பால்கனி 6 அடி நீளம். மதியம் 1 மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராக விழும். கிரில் முழுக்கப் பூ தொங்க வேண்டும் என்று ஆசை. நர்சரியில் ரங்கூன் மல்லி 120 ரூபாய், பூண்டுக்கொடி 250 ரூபாய். எதை வாங்கலாம்? (தாம்பரம் வாசகி)

பூண்டுக்கொடியை வாங்குங்கள். 130 ரூபாய் கூடுதல்தான், ஆனால் உங்கள் இடத்துக்கு அதுதான் ஒத்துவரும்.

ரங்கூன் மல்லி தரையில் நட்டால் 20, 30 அடி ஏறுகிற கொடி. முதல் சில மாதம் சாதுவாக இருக்கும். வேர் பிடித்த பிறகு ஒரு மழைக்காலம் போதும், மொட்டை மாடிக் கைப்பிடியை எட்டிவிடும். இலை உதிர்ந்த இடத்தில் காம்பின் அடி காய்ந்து முள்ளாக நிற்கும். அந்த முள்ளைக் கொக்கி போல மாட்டித்தான் கொடி மேலே போகிறது. துணி காயப்போடுகிற பால்கனியில் அந்த முள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தொட்டியில் வளர்க்க முடியாது என்று சொல்லவில்லை. 18 அங்குலத் தொட்டி வேண்டும், கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும், கத்தரிக்கோல் எப்போதும் கையில் வேண்டும்.

எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் அதை ஏற்றுவதற்கு நான் பிவிசி குழாயில் பந்தல் போட்டேன். குழாய், இணைப்பு, கூலி என்று 3,000 ரூபாய்க்கு மேல் ஆனது. இரண்டாவது வருடம் ஐப்பசி மழையில் நனைந்த கொடியின் கனம் தாங்காமல் பந்தல் ஒரு பக்கமாக வளைந்து, தண்ணீர்க் குழாய் மேல் சாய்ந்தது. இந்தக் கொடிக்கு இரும்புக் குழாய்தான் சரி. அதை வாங்க முடியாதென்றால் கொடியையும் வாங்க வேண்டாம்.

பூண்டுக்கொடி முதல் வருடம் மெதுவாகத்தான் வரும், பதற வேண்டாம். சுருள் கம்பி மாதிரியான பற்றுக்கம்பிகளால் பிடித்து ஏறும். அதனால் தடித்த கிரில்லை விட அதன் மேல் கட்டிய மெல்லிய கம்பியோ வலையோ அதற்குப் பிடிக்கும். வருடம் முழுக்கப் பூக்காது. அலை அலையாகப் பூக்கும். அந்த நாட்களில் இலையே தெரியாது.

நிறத்தில் இரண்டும் நேர் எதிர். ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து, அடுத்த நாள் இளஞ்சிவப்பாகி, பிறகு நல்ல சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். பூண்டுக்கொடி அடர் ஊதாவாக விரிந்து, நாளுக்கு நாள் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாகி உதிரும். வாசனை ரங்கூன் மல்லிக்குத்தான், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. பூண்டுக்கொடியின் இலையைக் கசக்கினால் பூண்டு மணக்கும், பூவில் மல்லி மணத்தைத் தேடாதீர்கள்.

இரண்டுமே புதுத் தளிரில்தான் பூக்கும். ஆகவே ஒரு அலை பூத்து முடிந்ததும் வெட்டுங்கள், மொட்டு வைக்கும் நேரத்தில் கை வைக்காதீர்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் வரும். பூண்டுக்கொடித் தொட்டியில் மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும்.

ரங்கூன் மல்லி என்று வாங்கினேன். வெள்ளையாகப் பூத்து மறுநாளே நிறம் மாறுகிறது. கலப்படச் செடியா? கடைக்காரரோடு சண்டையாகிவிட்டது. (விருதுநகர்)

சரியான செடிதான். கடைக்காரரிடம் போய் வருத்தம் சொல்லிவிட்டு வாருங்கள்.

பூத்துக் குலுங்கிய பூண்டுக்கொடியை 650 ரூபாய்க்கு வாங்கினேன். பத்து நாளில் பூ, இலை எல்லாம் கொட்டிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஒரே பையில் ஐந்து குச்சிகள், அதில் மூன்றுக்கு வேரே இல்லை. கேட்டால் பில்லின் அடியில் ‘விற்ற செடி திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். ஓய்வூதியத்தில் வாங்கியது. (திருநெல்வேலி)

ஐயா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. எனக்கும் இதே நடந்திருக்கிறது. நான் கொடுத்தது 450 ரூபாய், பையில் நான்கு குச்சி. தொட்டிக்கு மாற்றும்போது ஒரு குச்சி கையோடு வந்தது. அடிப்பகுதி சாய்வாக வெட்டிய வெட்டு அப்படியே இருந்தது, வேர் ஒரு நூல் கூட இல்லை. செடி புதராகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்கிற வேலை இது.

பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. கெடு எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. வேரில்லாத குச்சிகளைத் தூக்கிப் போடாதீர்கள். பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம். 650 ரூபாய்க்கா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும், அது உங்கள் பணம்.

மற்ற வாசகர்களுக்கு இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். பல வருடமாக மனதில் அரித்துக்கொண்டிருப்பது. கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைப் பார்க்கிறோம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். புடவையின் முந்தானையை விரிக்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. செடிக்கு மட்டும் பூவைப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறக்கிறோம். செடி உயிரோடு இருப்பது வேரில். பையைத் தூக்கி அடியில் இருக்கிற ஓட்டைகளைப் பாருங்கள், வெள்ளை வேர் எட்டிப் பார்க்க வேண்டும். தண்டை அடியில் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். மண்ணும் சேர்ந்து அசைந்தால் நல்லது, தண்டு மட்டும் ஆடினால் வைத்துவிடுங்கள். பையில் எத்தனை தண்டு என்று எண்ணுங்கள். பூத்த செடியை விட மொட்டும் இல்லாமல் புதுத் தளிர் விட்டிருக்கிற செடி மேல். ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து லாரியில் வருகிற செடிகளில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். பயணத்தில் வேர் கலையாமல் இருக்க அது வேண்டும், அதில் மோசடி இல்லை. ஆனால் அந்த உருண்டையை அப்படியே தொட்டியில் வைத்தால் காய்ந்து கல்லாகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காது. வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, வெளிக் களிமண்ணை விரலால் கரைத்துவிட்டு நடுங்கள். இதைச் சொல்லி விற்கிற கடைக்காரரை நான் இதுவரை இரண்டு பேர்தான் பார்த்திருக்கிறேன்.

பூண்டுக்கொடி வைத்தால் பாம்பு வராது என்று 400 ரூபாய்க்கு விற்கிறார்கள். இலையைச் சட்னி அரைக்கலாம் என்றும் சொல்கிறார்கள். உண்மையா? (ஓசூர்)

பாம்பு வராது என்று நம்பி வாங்க வேண்டாம். கொடியின் வாசனை பாம்பைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அந்த நம்பிக்கையில் வாசலில் விளக்கு போடாமல் விட்டால் ஆபத்து. இலையைத் தென் அமெரிக்காவில் பூண்டுக்குப் பதிலாகச் சமையலில் போடுவது உண்டு. ஆனால் அலங்காரச் செடியாக வளர்த்த நர்சரிச் செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சாப்பிடாதீர்கள்.

ஒரே கொடியில் ஏழு நிறம் பூக்கும் காகிதப்பூ விதை, 199 ரூபாய், ஆன்லைனில் வாங்கினேன். ஒன்றும் முளைக்கவில்லை. பில் இல்லை, விற்றவர் பெயரும் ஞாபகம் இல்லை. போன வருடமும் நீல ரோஜா விதை வாங்கி இதே கதை. (சேலம்)

பெயர், பில், ஆர்டர் எண் எதுவும் இல்லாமல் நான் யாரிடம் கேட்கச் சொல்வேன்? பல நிறக் காகிதப்பூ ஒட்டுக் கட்டி உண்டாக்குவது, விதையில் வராது. ஒரு முறை ஏமாந்தது புரிகிறது. இரண்டாம் முறை வாங்குவதற்கு முன் பக்கத்து நர்சரியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தளத்தின் ஆர்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள், விற்றவர் பெயர் அதில் இருக்கும். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ரங்கூன் மல்லியை மாமரத்தடியில் நட்டோம். மூன்று வருடத்தில் மரத்தை மூடிவிட்டது, காய்ப்பும் குறைந்துவிட்டது. ‘இவ்வளவு வளரும்’ என்று நர்சரியில் சொல்லவில்லை. வழக்குப் போடலாமா? (பட்டுக்கோட்டை)

முடியாது. எவ்வளவு வளரும் என்று நீங்களும் கேட்கவில்லை. முதலில் மரத்தைக் காப்பாற்றுங்கள். கொடியைத் தரையிலிருந்து ஓர் அடியில் அறுத்துவிட்டு, மேலே இருப்பதை அப்படியே காய விடுங்கள். பச்சையாக இழுத்தால் மாங்கிளையும் சேர்ந்து ஒடியும். அடிக்கட்டை மறுபடியும் துளிர்க்கும், வேரோடு தோண்ட வேண்டும்; சுற்றிக் கிளம்புகிற கன்றுகளை வாரா வாரம் பிடுங்குங்கள். அறுத்த தண்டுகளை ஈர மண்ணில் குவித்து வைக்காதீர்கள், மழை பெய்தால் அதுவும் வேர்விடும்.