ஜனவரியில் கோசோ போகலாமா?

கேள்வி: கூட்டமே இல்லாத நேரமாகப் பார்த்து, மத்தியதரைக்கடல் தீவு ஒன்றில் பத்து நாள் சும்மா இருந்துவிட்டு வர ஆசை. ஜனவரி சரிப்படுமா? எந்தத் தீவு?

பதில்: சும்மா இருக்கத்தான் என்றால் என் ஓட்டு கோசோவுக்கு. மால்டாவின் தங்கைத் தீவு. மால்டாவின் சிர்க்கேவா துறையிலிருந்து படகில் 25 நிமிடம். கிரேக்கத்தின் சின்னத் தீவுகளில் குளிர்காலத்தில் பல விடுதிகள் பூட்டிக் கிடக்கும். கோசோ ஆண்டு முழுக்க நடமாட்டமுள்ள ஊர். ஆங்கிலம் செல்லும், பணம் யூரோ, விசா ஷெங்கன், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா.

நீச்சல் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். கடல்நீர் 16 டிகிரிதான் இருக்கும். ஆனால் வெளியே இருக்கும் குளிரைவிட வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான் கடிக்கும். எல்லாம் சுண்ணாம்புக்கல் வீடுகள், மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம். நான் கம்பளிக் காலுறையோடுதான் தூங்கினேன். அறை பதிவு செய்யுமுன் ஹீட்டர் உண்டா, அதற்கான மின்கட்டணம் யார் தலையில் என்று கேட்டுவிடுங்கள்.

கோடையில் காய்ந்து பழுப்பாகிவிடும் தீவு இப்போது பச்சைப்பசேலென்று இருக்கும். தீவின் முக்கிய ஊரான விக்டோரியாவில் கோட்டை மதில்மேல் ஒரு சுற்று நடக்கலாம். அப்புறம் ஜ்கந்தியா, 5,000 ஆண்டுகளுக்கும் மூத்த கற்கோயில். பழைய படங்களில் வரும் அஸூர் விண்டோ பாறை வளைவைத் தேடாதீர்கள். 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலோடு போய்விட்டது.

காற்று முரண்டு பிடித்தால் படகு ஓடாது. அதனால் விமானத்துக்கு முந்தின நாளே மால்டாவுக்குத் திரும்பிவிடுங்கள்.