வாகனக் கேள்வி பதில்: எம்ஜி யாருடைய வண்டி?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியைச் சுற்றி வருகின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டேன்.

ஐயா, மகளுக்கு எம்ஜி ஹெக்டர் வாங்கித்தரலாம் என்று இருக்கிறோம். கொழுந்தனார் ‘பழைய பிரிட்டிஷ் கம்பெனி’ என்கிறார். மருமகன் ‘அது சீன வண்டி’ என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ ‘நம்ம பொட்டனேரி ஸ்டீல் பிளான்ட்காரங்க வண்டி’ என்கிறார். யார் சொல்வது சரி?
*— வாசகி, செவ்வாய்ப்பேட்டை*

மூன்று பேர் சொல்வதும் உண்மைதான் அம்மா.

எம்ஜி என்றால் மோரிஸ் கராஜஸ். 1920களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், செசில் கிம்பர் என்பவர் மோரிஸ் கார்களை மாற்றிக் கட்டி விற்றதில் தொடங்கிய பெயர். நம் அம்பாசடரும் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்ததுதான், ஆக இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடு 2005 ஏப்ரலில் எம்ஜி ரோவர் என்ற பெயரில் திவாலானது. எம்ஜி பெயரையும் லாங்பிரிட்ஜ் ஆலையின் இயந்திரங்களையும் நான்ஜிங் ஆட்டோமொபைல் என்ற சீன கம்பெனி வாங்கியது. 2007 கடைசியில் நான்ஜிங்கையே ஷாங்காயின் அரசுக் கார் கம்பெனியான சாயிக் தன்னோடு இணைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எம்ஜி சாயிக்கின் பிராண்டு.

இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் விற்பதை 2017-ல் நிறுத்தியபோது அதன் குஜராத் ஹாலோல் ஆலையை சாயிக் எடுத்தது. 2019 ஜூனில் அங்கிருந்து ஹெக்டர் வந்தது. அதன் உடல் சீனாவில் ஓடிய பாவ்ஜுன் 530. 2020-ல், நிலத்தில் எல்லை பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று விதி வந்தது. சீனாவிலிருந்து புதுப் பணம் வருவது கடினமாகவே, இந்தியக் கூட்டாளி தேவைப்பட்டார். 2023 நவம்பரில் எம்ஜியின் இந்தியக் கம்பெனியில் ஜேஎஸ்டபிள்யூ 35 சதவீதப் பங்கை எடுக்க ஒப்பந்தம் ஆனது. மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் கார் பாகங்களுக்கான அலாய் ஸ்டீல் உருக்குகிறார்களே, அதே குழுமம்தான்.

வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன். ஆனால் பூர்வீகத்தை விசாரிப்பதைவிட, முன்பக்க பம்பரும் ஹெட்லைட்டும் சேலத்தில் எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரியுங்கள். ஐந்து ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்து வயதானவன் நான். ஒரு சின்ன பாகம் வராமல் வாரக்கணக்கில் நின்ற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். சீனக்காரர்கள் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்தே கார் செய்யக் கற்றார்கள் என்று வாத்தியார் சொன்னார். நாமும்தானே சுசூகியோடு கூட்டுச் சேர்ந்தோம்? என்ன வித்தியாசம்?
*— மாணவர், ஆத்தூர்*

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாயிக்கின் ஊரான ஷாங்காயில் 1958-லேயே சொந்தமாகக் கார் செய்தார்கள். கையால் தட்டித் தட்டிச் செய்த வண்டி. முதலில் ஃபெங்ஹுவாங் என்றும், பிறகு ‘ஷாங்காய்’ என்றும் பெயர். அரசு அலுவலகங்களுக்கு அது போதுமாக இருந்தது. உலகத் தரத்துக்கு வர வேண்டும் என்று முடிவானதும் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனை அழைத்தார்கள். 1983-ல் சான்டானா வண்டியைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டிப் பார்த்தார்கள். 1984 அக்டோபரில் சரிபாதிப் பங்கில் ஒப்பந்தம் ஆனது.

இனிதான் முக்கியமான இடம். சில வருடம் ஓடிய பிறகும் சான்டானாவில் உள்ளூர்ப் பாகம் மூன்று சதவீதம்கூட இல்லை. டயர், ரேடியோ, ஆன்டெனா மாதிரிச் சில்லறைச் சாமான்தான். மற்றதெல்லாம் ஜெர்மனியிலிருந்து பெட்டியில் வந்தது. அப்போது ஷாங்காய் மேயராக இருந்தவர் பின்னாளில் பிரதமரான சூ ரோங்ஜி. உள்ளூர்ப் பாகமாக இருந்தாலும் தரம் ஜெர்மன் அளவிலிருந்து ஒரு நூல்கூடக் குறையக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். விற்கும் ஒவ்வொரு சான்டானாவின் விலையிலும் ஒரு தொகையைக் கூட்டி வசூலித்து, அந்தப் பணத்தைப் பார்ட்ஸ் செய்யும் ஆலைகளின் வளர்ச்சிக்குத் திருப்பிவிட்டார்கள். வாங்கியவன் கூடுதல் காசு கொடுத்தான். அந்தக் காசில் வார்ப்பாலையும் லேத் பட்டறையும் வளர்ந்தன. 1990களின் நடுவில் உள்ளூர்ப் பாகம் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 1997-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வந்து சரிபாதிக் கூட்டுப் போட்டபோது, ப்யூக் காருக்குப் பாகம் செய்யத் தெரிந்த ஆட்கள் ஊரிலேயே தயாராக இருந்தார்கள்.

நம் கதையும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் தொடங்கியது. 1982-ல் சுசூகி ஒப்பந்தம், 1983 டிசம்பரில் முதல் மாருதி 800. தரமான பாகம் செய்ய நம்மவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் மாருதிக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறக்கக் கூடாது. ஆனால் சுசூகியின் பங்கு 26 சதவீதத்தில் தொடங்கி 2002-ல் 54-ஐத் தாண்டியது, கம்பெனி அவர்களுடையதாகிவிட்டது. சீனாவில் கார் கம்பெனியில் வெளிநாட்டாருக்கு 50-க்கு மேல் கிடையாது என்று 1994 கொள்கையிலேயே எழுதிவைத்தார்கள். எல்லாப் பயணிகள் காருக்கும் அந்த வரம்பு நீங்கியது 2022-ல்தான்.

அதற்காக சீனா எல்லாம் சரியாகச் செய்தது என்று எடுத்துக்கொள்ளாதே. பாதிப் பங்கு இருந்ததால் லாபம் வந்தது, உற்பத்தி பழகியது. ஒரு காரை வெள்ளைத் தாளிலிருந்து வரையும் வித்தை மட்டும் வரவில்லை. ஜெர்மன்காரரும் அமெரிக்கரும் வரைந்து கொடுத்ததைச் செய்தார்கள். 2004-ல் ரோவர் 25, 75 கார்களின் வடிவமைப்பு உரிமையை 67 மில்லியன் பவுண்டுக்கு சாயிக் வாங்கியது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். கூட்டாளி சொல்லித்தராததைக் காசு கொடுத்து வாங்கினார்கள். எனக்குக் கேட்டால், சீனாவின் கார்க் கதையில் மற்ற ஒப்பந்தங்களைவிட இதுவே பெரிய திருப்பம்.

சரி, ரோவரை வாங்கியவர்கள் ரோவர் என்ற பெயரிலேயே விற்றிருக்கலாமே?
*— வாசகர், ஓமலூர்*

பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது பிஎம்டபிள்யூவிடம் இருந்தது. 2006-ல் ஃபோர்டு வாங்கிக்கொண்டது. அதனால் சாயிக் அதே ரோவர் 75-ஐத் திருத்தி ரோவே என்று புதுப்பெயர் சூட்டியது. 2008-ல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை டாடா வாங்கியபோது ரோவர் பெயரும் கூடவே வந்தது. வரைபடம் ஷாங்காயிலும் பெயர் டாடா வீட்டிலுமாகப் பிரிந்தது இப்படித்தான்.

எம்ஜியின் விண்ட்சர் மின்சாரக் காரும் சீன வடிவம்தானா? எங்கள் மலைக்கு ஏறுமா?
*— காபித் தோட்டக்காரர், ஏற்காடு*

சீனாவின் வூலிங் கிளவுட் அது. வூலிங் என்பது சாயிக், ஜெனரல் மோட்டார்ஸ், குவாங்ஷி மாகாண வேன் கம்பெனி மூவரும் 2002-ல் சேர்ந்து போட்ட கூட்டு. எம்ஜியின் சின்ன மின்சாரக் கார் காமெட்டும் அந்த வீட்டிலிருந்து வந்ததே.

மலை ஏறுவதில் பயம் வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,800 கிலோ வண்டி என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்கு மட்டும் 6 யூனிட் செலவாகும். தூரத்துக்கும் மோட்டார் இழப்புக்கும் இன்னும் சில யூனிட். விண்ட்சரின் ஆரம்ப பேட்டரியே 38 யூனிட். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் உங்கள் தோட்டத்திலேயே பேட்டரியை முழுதாக நிரப்பிவிட்டு உடனே கீழே இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்குள் அந்தக் கரண்ட் போக இடமில்லை. இருபது கொண்டை ஊசியிலும் கால் பிரேக்கே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிவரும்.

சாயிக் போட்ட கூட்டு எல்லாமே ஜெயித்ததா?
*— வாசகர், அம்மாபேட்டை*

இல்லை. கொரியாவின் சாங்யோங் கார் கம்பெனியில் 2004-ல் பாதியை ஒட்டிய பங்கை வாங்கினார்கள். தொழில்நுட்பத்தைக் கொண்டுபோகிறார்கள் என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். 2009 ஜனவரியில் கம்பெனி நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. அந்த வருடம் ஆட்குறைப்பை எதிர்த்து ஆலைக்குள்ளேயே 77 நாள் போராட்டம் நடந்தது. வேலை இழந்த குடும்பங்களின் துயரம் அதன் பிறகும் பல வருடம் தொடர்ந்தது. அதற்கடுத்து அந்தக் கம்பெனியை வாங்கியவர்கள் நம் மஹிந்திரா. எக்ஸ்யூவி 300 சாங்யோங் டிவோலியின் அடித்தளத்தில் பிறந்தது. மஹிந்திராவாலும் கடைசிவரை தாங்க முடியவில்லை. 2022-ல் கொரியாவின் கேஜி குழுமம் எடுத்துக்கொண்டது.

இப்போது யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள்?
*— அதே வாசகர்*

2024 நவம்பரில் ஆடி கம்பெனி சீனாவுக்காக மட்டும் ஒரு புது மின்சார பிராண்டை அறிவித்தது. அதை சாயிக்கோடு சேர்ந்து உருவாக்கினார்கள். முகப்பில் ஆடியின் நான்கு வளையங்கள் கிடையாது, வெறும் எழுத்து மட்டும்தான். பேட்டரியிலும் மென்பொருளிலும் சீனக் கூட்டாளியின் வேகம் ஆடிக்குத் தேவைப்பட்டது. அந்த ஆடி, சான்டானாவைப் பெட்டியில் அனுப்பிய ஃபோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்ததுதான்.