காலின் நிறம் இருக்கட்டும், அந்தக் கசிவைக் கவனியுங்கள்

கேள்வி: பைக் விபத்தில் அண்ணனுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. பிளேட் வைத்து, தொடையிலிருந்து சதை எடுத்து மூடினார்கள். மூன்று மாதம் ஆகிறது. காலைத் தொங்கவிட்டால் அந்த இடம் கருநீலமாகிவிடுகிறது. உணர்ச்சியே இல்லை, உப்பலாகவும் இருக்கிறது. ஓரத்தில் பரு மாதிரி ஒரு புள்ளி அவ்வப்போது கசியும். வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ந்துவிடும். ஒட்டிய சதை கறுத்தால் காலையே எடுக்க வேண்டும் என்று இணையத்தில் படித்தேன். உண்மையா டாக்டர்?

பதில்: நீங்கள் படித்தது ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களைப் பற்றியதாக இருக்கும். தொடைச் சதையைக் கணுக்கால் பக்கம் கொண்டுவர வேண்டுமென்றால், அதன் ரத்தக்குழாய்களை வெட்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி காலில் உள்ள குழாய்களோடு தைக்க வேண்டும். அந்தத் தையலில் ரத்தம் உறைந்தால் சதை செத்துக் கறுக்கும். பெரும்பாலும் அது முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடந்துவிடும். நர்ஸ் மணிக்கொருமுறை வந்து நிறத்தையும் சூட்டையும் பார்த்தது அதற்காகத்தான். மூன்று மாதத்தில் சுற்றிலும் புது ரத்த ஓட்டம் பிடித்திருக்கும். அந்தக் கண்டத்தை அண்ணன் தாண்டிவிட்டார்.

தொங்கவிட்டால் நீலமாவது ரத்தம் மேலேறத் தாமதமாவதால். படுக்கவைத்து, காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வையுங்கள். சில நிமிடத்தில் நிறம் திரும்பினால் அதை மறந்துவிடலாம். திரும்பாவிட்டால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். உப்பல் மெல்ல வற்றும். வற்றாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்தச் சதையை இளைக்கவைக்கலாம். (இடம் மாறினாலும் அது தொடைக் கொழுப்புதான். உடம்பு பெருத்தால் அதுவும் பெருக்கும்.) உணர்ச்சி இல்லாததும் எதிர்பார்த்ததே. அந்த இடத்தில் வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள். வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

சரி, நீங்கள் இவ்வளவையும் விரிவாக எழுதிவிட்டு, நடுவில் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பரு.

உடைந்த எலும்புக்கும் பிளேட்டுக்கும் மேலே உள்ள சதையின் ஓரத்தில், ஒரே இடத்தில் கசிந்து, காய்ந்து, மறுபடி கசிகிறது என்றால் அது பரு இல்லை. பொருக்கை நனைத்து எடுத்தால் அடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். எலும்பிலிருந்தோ பிளேட்டிலிருந்தோ சீழ் வெளியே வர வழி தேடிய துளை அது. வேறொன்று என்று நிரூபிக்கும்வரை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். வலியும் காய்ச்சலும் இல்லையே என்று சமாதானம் சொல்ல வேண்டாம். எலும்புக்குள் கிருமி நீறு பூத்த நெருப்பாக மாதக்கணக்கில் இருக்கும்.

உங்கள் மாத்திரை செய்வது என்ன தெரியுமா? செத்த எலும்புத் துண்டுக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. பிளேட்டின் மேல் படலமாக ஒட்டியிருக்கும் கிருமியையும் அது அசைக்காது. வெளியே கசிவு மட்டும் நிற்கும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். அப்புறம் நாங்கள் ஆபரேஷன் தியேட்டரில் எலும்பிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்தால் கிருமி எதுவும் வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்தை எழுதுவது? கோபப்படுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், கோபம்தான். மிச்ச மாத்திரை கொடுக்கும் இந்தப் பழக்கத்தால் வாரக்கணக்கில் சிகிச்சை தள்ளிப்போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

இந்த வாரமே ஆபரேஷன் செய்தவர்களிடம் போங்கள். எலும்பு டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன் இருவரும் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். ஆரம்பத்தில் இரண்டுமே நன்றாக இருப்பதுபோலக் காட்டலாம். அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். துளையின் மேலே பஞ்சால் தொட்டு எடுக்கும் மாதிரியையும் நம்ப முடியாது, தோலில் இருக்கும் கிருமியெல்லாம் அதில் வரும். தேவைப்பட்டால் ஒட்டிய சதையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, செத்த எலும்பைச் சுரண்டி எடுத்து, அதே சதையை மறுபடி மூடித் தைப்பார்கள். பிளேட்டை எடுப்பதா, விடுவதா என்பது எலும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலை எடுக்கும் பேச்சு இப்போதைக்கு இதில் எங்கும் வரவில்லை. ஆனால் இன்னும் ஆறு மாதம் மாத்திரையால் மூடிவைத்துவிட்டு வந்தால் இதையே என்னால் சொல்ல முடியாது.

நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ அன்றைக்கே போங்கள், இரவானாலும். அண்ணன் புகை பிடிப்பவர் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும். துளையைப் பிதுக்காதீர்கள், களிம்பு தடவி அடைக்காதீர்கள், சுத்தமான கட்டு போதும். ஆன்டிபயாடிக்கை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இதுவரை கொடுத்த மாத்திரையின் காலி அட்டைகளைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்துப்போங்கள். கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கப்போகும் கேள்வி.