பரங்கிமலை ரயில் நிலையம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பரங்கிமலை ரயில் நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். அந்த நிலையத்தின் பழைய கதை என்ன? இந்த மாற்றம் அன்றாடப் பயணிகளுக்குப் போதுமா?
– வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: தென்னிந்திய ரயில்வே 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலை ஓடவிட்டது. தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் கொண்ட மீட்டர் கேஜ் பாதையில் இந்தியாவில் ஓடிய முதல் மின்சார ரயில் அதுதான். அதன் வழியில் இருந்த நிலையங்களுள் பரங்கிமலையும் ஒன்று. 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கிய அந்தத் தடம் 1960களில் 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. 2004 ஜூலை 1 அன்று கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் விடைபெற, தாம்பரம் வரை புறநகர்ப் பயணம் முழுமையாக அகலப்பாதைக்கு வந்தது.

அதுவரை வழியில் வந்துபோகும் ஊராக இருந்த பரங்கிமலை, 2016 அக்டோபரில் மெட்ரோ ரயில் வந்துசேர்ந்த பிறகு வண்டி மாறும் இடமாகிவிட்டது. ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தின்கீழ் 2025 மே 22 அன்று நாடெங்கும் திறக்கப்பட்ட 103 நிலையங்களில், தமிழ்நாட்டுக்கு உரிய ஒன்பதில், இதுவும் இடம்பெற்றது. முகப்பும் காத்திருப்புக் கூடமும் கழிப்பறையும் சீராவதை நான் குறைத்து மதிக்கவில்லை. நாள்தோறும் வந்துபோகும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அவை அவசியத் தேவைகள். ஆனால் அலுவலக நேரத்தில் இங்கே மக்கள் திணறுவது மெட்ரோவிலிருந்து மின்சார ரயில் நடைமேடைக்கு இறங்கும் படிகளில்தான். படிகளின் அகலம், எந்நேரமும் இயங்கும் மின்தூக்கி, நெரிசல் நேரத்தில் கூடுதல் வண்டிகள் ஆகிய மூன்றையும் வைத்தே இந்தப் பணியை அளக்க வேண்டும். 2018 ஜூலை 24 அன்று இதே நிலையத்தில், நெரிசலால் ரயிலின் படிக்கட்டில் தொங்கியபடி வந்தவர்கள் தடத்தை ஒட்டிய கான்கிரீட் சுவரில் மோதி ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வழக்கமான தடத்தை விட்டு விரைவு ரயில் தடத்தில் அன்று வண்டி திருப்பிவிடப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட சுவர்களையும் இடைவெளிகளையும் சரிசெய்வது வண்ணம் பூசுவதற்கு முன்னால் வரவேண்டிய வேலை.

கேள்வி: வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வரும் பறக்கும் ரயில் பாதை ஏன் இத்தனை ஆண்டுகள் இழுத்தது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: மொத்தம் ஐந்து கிலோமீட்டர் பாதை. 2008இல் தொடங்கிய பணியின் பெரும்பகுதி முடிந்தும், ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்குகளால் இருபுறமும் தூண்கள் எழுந்து நிற்க, நடுவே பாதை அறுந்து கிடந்தது. வீடும் மனையும் இழப்பவர்கள் நியாயமான தொகை கேட்பதில் தவறில்லை. நிலத்தைக் கையில் வாங்காமலே கட்டுமானத்தைத் தொடங்கிய திட்டமிடலைத்தான் குறை சொல்ல வேண்டும். பறக்கும் ரயிலும் மெட்ரோவும் மேல்தளங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் வகையில்தான் பரங்கிமலைக் கட்டடம் எழுப்பப்பட்டுள்ளது. ஆகவே அந்தக் கூட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கீழே உள்ள பழைய நிலையத்தின் நடைமேம்பாலத்தையும் வெளிவாசல்களையும் இப்போதே விரிவாக்குவது நல்லது.